சந்தனம் வைத்த சர்டிபிகேட்

ஜெரால்டைப் பதினொரு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். காலையில் கடை ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அவன் முகம்தான். பில் போடும் மேஜைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பிரேமுக்குள் இருப்பான். இருபத்து மூன்று வயது முகம், கழுத்தை இறுக்குகிற டை, யாரோ மிரட்டி எடுத்த மாதிரி ஒரு பார்வை. ஆளை நேரில் பார்த்தது அந்தப் பதினொரு வருடத்தில் ஆறு தடவையோ ஏழு தடவையோதான்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மருந்துக்கடை வைத்தால், பார்மசி படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருந்துதான் மருந்து கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. எங்கள் முதலாளி மாதிரி சில பேர் அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்கள். ஆள் எதற்கு, ஆளின் சர்டிபிகேட் இருந்தால் போதாதா? படித்தவருக்கு மாதா மாதம் வாடகை போய்விடும். படம் ஒட்டிய சர்டிபிகேட் சுவரில் தொங்கும். சர்டிபிகேட்டுக்குச் சாப்பாடு வேண்டாம், லீவு வேண்டாம், தீபாவளிக்குத் துணி வேண்டாம். அதைவிட நல்ல வேலையாள் எங்கே கிடைப்பான்?

கடை ஜலகண்டாபுரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இன்னும் நான் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். முதலாளி வேலுமணிக்குக் கரும்பும் மஞ்சளும் போடுகிற காடு உண்டு. மருந்துக்கடையும் அவருக்கு ஒரு காடுதான். காலையில் ஒரு பார்வை, சாயங்காலம் வந்து அறுப்பு. நடுவில் தண்ணீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதும் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபத்திரண்டு வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கிறேன். அதற்கு எட்டாவது தாராளம். மேலே படித்தவர்களுக்குத்தான் அது புரிவதில்லை.

ஜெரால்டு சேலம் அஸ்தம்பட்டிக்காரன். படிப்பு முடிந்த கையோடு சர்டிபிகேட்டை எங்கள் சுவருக்குக் கொடுத்துவிட்டு, நாமக்கல்லில் ஒரு கோழிமருந்துக் கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்துவிட்டான். பண்ணை பண்ணையாகப் போய் வைட்டமினும் சளி மருந்தும் விற்பான். மனிதர்களுக்கு மருந்து கொடுக்கப் படித்தவன் கோழிகளுக்குக் கொடுத்தான். ஒன்றும் படிக்காத நான் மனிதர்களுக்குக் கொடுத்தேன். கோழிகளும் குறை சொல்லவில்லை, மனிதர்களும் குறை சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தால் மட்டும் அவனுக்குப் போன் போகும். பண்ணையில் போட்டது போட்டபடி பைக்கில் பறந்து வருவான். அவனுக்கென்று ஒரு வெள்ளைக் கோட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். ஒரு தடவை கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவனின் காதுக்குப் பின்னால் ஒரு இறகு ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னங்க வாசம் இது?"

வேலுமணி சளைக்கவில்லை. "புதுசா ஒரு வைட்டமின் வந்துருக்குதுங்க சார். தெறந்தாலே இப்படித்தானுங்க."

ஜெரால்டு பேசவில்லை. சுவரில் இருக்கும்போதும் பேசமாட்டான், கீழே இறங்கி வந்தாலும் பேசமாட்டான்.

ஆயுத பூஜைக்குக் கடையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். பிரிட்ஜ், கால்குலேட்டர், பில் மெஷின், மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோல். கடைக்குச் சோறு போடுகிற சாமான் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு ஜெரால்டை மட்டும் விட்டால் நன்றாகவா இருக்கும்? நெற்றியில் அளவாகச் சந்தனம், நடுவில் குங்குமம், பிரேமுக்கு ஒரு முழம் கதம்பம். அவன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். அதை அன்றைக்கு நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஏழாவது வருடம் கடை கழுவும்போது பிரேம் கை தவறி விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. கை என்னுடையது. "அடுத்த வாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கலாம்" என்றார் வேலுமணி. ஜெரால்டு சுவரில் இருந்தவரை அந்த அடுத்த வாரம் வந்துகொண்டேதான் இருந்தது. அதற்குப் பிறகு சந்தனம் நேராகக் காகிதத்தின் மேல்தான்.

இப்படியே போயிருக்கும். அவன் மனைவி ஜெஸ்ஸி நர்ஸ். பரீட்சை எழுதி அயர்லாந்துக்குப் போனாள். வருடம் திரும்புவதற்குள் மகளையும் கூட்டிக்கொண்டாள். ஜெரால்டும் பின்னாலேயே போயிருக்கலாம், மனைவி விசாவில் புருஷனுக்கு இடம் உண்டாம். போகவிடாமல் செய்தது மாமனார் யாகப்பனின் வாய். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும். ஒரு ஞானஸ்நான விருந்தில் பந்தி நடக்கும்போது கேட்டிருக்கிறார்:

"எம்பொண்ணு அங்க ஊசி போடுறா. மாப்பிள்ளை போயி என்ன பண்ணப் போறாரு? அங்க கோழிங்க இருக்குதான்னு யாராவது விசாரிச்சீங்களாய்யா?"

பந்தியே பிரியாணி வாயோடு சிரித்ததாம். ஜெரால்டு இலையை மடித்துவிட்டு எழுந்து, போனால் அங்கேயும் பார்மசிஸ்டாகத்தான் போவேன், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கோபத்தில் சொன்ன வார்த்தை. சொன்னதற்கு அப்புறம்தான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தேடிப் பார்த்திருக்கிறான்.

ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தான். இன்ஸ்பெக்டர் வராமல் அவன் வந்தது அதுதான் முதல் தடவை. நானே பதறி வெள்ளைக் கோட்டை எடுக்கப் போனேன்.

"அது வேணாம்ண்ணே. மொதலாளியப் பாக்கணும்."

வேலுமணி வந்ததும் விஷயத்தைச் சொன்னான். அந்த ஊரில் லைசென்ஸ் வாங்க முதலில் இங்கே படித்த, பதிவு செய்த காகிதங்களைப் பார்ப்பார்களாம். இவ்வளவு நாள் எங்கே வேலை செய்தான், என்ன செய்தான் என்று முதலாளியின் கடிதம் வேண்டுமாம். அப்புறம் பரீட்சை. அப்புறம் அங்கே ஒருவரின் கண்காணிப்பில் சில மாதம் வேலை. கோழிக் கம்பெனி கணக்கில் வராது, மனிதர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

"லெட்டர்தானுங்களே? எத்தன வருசம் ஓணும்?" என்றார் வேலுமணி.

"பதினொண்ணுங்க."

"பதினஞ்சுன்னு போட்டுக்கலாமுங்க. கூட இருந்தா நல்லதுதானுங்களே."

"நான் படிச்சு முடிச்சே பதினோரு வருசந்தாங்க ஆச்சு."

"அப்பச் செரி, பதினொண்ணே இருக்கட்டும்."

"அந்த ஒரிஜினலும் வேணுங்க." ஜெரால்டு சுவரைக் காட்டினான்.

வேலுமணியின் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, அதெப்படிங்க? ஆள வேணா கூட்டிக்கிட்டுப் போங்க. பிரேம உட்டுட்டுப் போங்க."

"நான்தானுங்களே ஆளு."

"அதத்தானுங்க நானுஞ் சொல்றேன். நீங்க போங்க. அது இருக்கட்டும்."

கடைசியில் நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பிரேமைக் கழற்றினேன். மேஜையில் வைத்தோம். ஜெரால்டு குனிந்து பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, டை இருந்தது. டைக்கு மேலே காய்ந்த சந்தனம் ஒரு அடை மாதிரி அப்பியிருந்தது.

"அண்ணே, என் மூஞ்சி எங்கண்ணே?"

"உள்ளதான் தம்பி இருக்குது. இருங்க."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். குங்குமம் வந்தது. சந்தனம் வந்தது. கூடவே ஒரு கண்ணும் மூக்கும் வந்தன.

வேலுமணி எட்டிப் பார்த்தார். "மூஞ்சி போனா என்னங்க? காது ரெண்டும் நல்லா தெரியுது பாருங்க" என்றார்.

அந்தக் காகிதத்தை வைத்து எந்த நாட்டிலும் பெட்டிக்கடை கூட வைக்க முடியாது. புதுச் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட வேண்டும், அது வர மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை சுவர் காலி. வேலுமணி கொஞ்ச நேரம் சுவரையும் ஜெரால்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாருக்கும் தோன்றாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

"பேப்பரு இல்லீனா ஆளாவது வந்து நிக்கோணுமுங்க. செவுத்துலயுமில்ல, கீழயுமில்லீனா எப்படிக் கடையத் தொறக்கறது?"

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது இப்படித்தான்.

ஜெரால்டு உடனே சரி என்றான். எனக்கு ஆச்சரியம். டீக்கடையில்தான் காரணம் சொன்னான். "அந்தப் பரீட்சையில ஒரு பகுதிக்கு ஆளுங்க நோயாளி மாதிரி நடிச்சுக்கிட்டு வருவாங்களாம்ண்ணே. நாம பேசணும், கேள்வி கேக்கணும், மருந்தப் பத்தி எடுத்துச் சொல்லணும். பக்கத்துல ஒருத்தர் பாத்து மார்க் போடுவாராம். புஸ்தகத்துல இருக்கறத எழுதிருவேன். ஆனா எனக்கு மனுசங்ககிட்டப் பேசியே பழக்கமில்லண்ணே."

"கோழிங்ககிட்டப் பேசுவீங்களா?"

"அதுங்க கேள்வி கேக்காது."

கோழிக் கம்பெனியை விட்டுவிட்டு, கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்து கவுண்டரில் நின்றான். முதல் நாள் முதலில் வந்தவர் முத்தாயம்மாள். சளி மாத்திரைக்கு வருகிறவர். ஜெரால்டைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"சாமி, இவரு படத்துல இருந்தவருல்ல?"

"ஆமாம்மா, நான்தான்" என்றான் ஜெரால்டு.

"செத்துப் போயிட்டாருன்னுல்ல இருந்தேன்! பொட்டு வெச்சுப் பூவெல்லாம் போட்டிருந்தாங்களே! இந்த வயசுல பாவமுன்னு வருசா வருசம் கும்புட்டுட்டுல்ல போவேன்!"

"இருக்கேம்மா."

"இருந்தாச் செரி." கையை இறக்கிக்கொண்டு அவன் தோளுக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தார். "கண்ணு, நீ அந்தச் சளி மாத்திரைல ஒரு அட்டை குடு."

முதல் மாதம் இப்படித்தான் போனது. எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள், கதவு நடுவில் தூண் நின்றால் சுற்றிப் போகிற மாதிரி. அவன் விடமாட்டான். பரீட்சைக்காக ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதி உள்ளங்கையில் வைத்திருப்பான். பெயர் என்ன, வயது என்ன, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இது தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்களிடம். தறி ஓட்டுகிற ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, தலவலி மாத்தரைக்கு எம்பேரெதுக்குங்க? ரேசன் கார்டும் கொண்டாரோணுங்களா?"

பழக்கம் வேறு அவனை விடவில்லை. ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்தாள். ஜெரால்டு எடை கேட்டான். பதினொரு கிலோ என்றாள். மேலே பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டான். அளவு சரியாகத்தான் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கசந்தா, குடிக்கற தண்ணியில கலந்து வெச்சிருங்க. தாகமெடுத்தா அதுங்களா வந்து குடிச்சுக்கும்."

அந்தப் பெண் விழித்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்குது."

இந்தக் கதை சாயங்காலத்துக்குள் வேலுமணி காதுக்குப் போய்விட்டது. போட்டது நான்தான். மறுநாளில் இருந்து அவர் கடைக்குள் வரும்போதே கேட்பார்: "ஏனுங்க ஜெரால்டு, இன்னைக்கு முட்டை எத்தனைங்க?"

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் நோயாளியாக நடிப்பேன், அவன் பழகுவான். முதலில் சாதுவான நோயாளியாக வந்தேன். அப்புறம் காது கேட்காதவராக வந்தேன். ஒரு நாள் சண்டைக்காரனாக வந்து, "மருந்து கேட்டா மருந்து குடுய்யா, உங்கப்பன் ஊட்டுக் கதையெல்லாம் எதுக்கு?" என்று மேஜையைத் தட்டினேன். அவன் கேள்விக் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டான்.

"அண்ணே, கோவப்படாம நடிங்கண்ணே."

"அந்த ஊருல யாருக்கும் கோவமே வராதா?"

"வரும். ஆனா அவங்க இங்கிலீசுல கோவப்படுவாங்க. கொஞ்சம் மெதுவா இருக்கும்."

இரண்டாவது மாதம் கடிதம் தயாரானது. ஜெரால்டு தினமும் என்ன வேலை செய்தான் என்று விவரமாக எழுத வேண்டுமாம். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்துகொண்டு வேலுமணி எனக்குப் போன் போட்டார். "அப்பனே, கடையில என்னென்ன வேல நடக்குதுன்னு வரிசையாச் சொல்லு. அந்தப் புள்ள அடிக்குது." நான் சொன்னேன். காலையில் ஸ்டாக் பார்ப்பது, தேதி முடிந்ததை ஒதுக்குவது, சீட்டைப் படித்து மருந்து எடுப்பது, எத்தனை வேளை என்று அட்டையில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பது, கொரோனா நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கதவில் மாட்டிவிட்டு வந்தது. அந்தப் பெண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்தாள். ஜெரால்டு அதைக் கடையில் வைத்துத் தமிழில் சொல்லிக் காட்டினான். கேட்கக் கேட்க எனக்கே ஒரு மரியாதை வந்தது. யார் இவ்வளவு வேலை செய்த ஆள் என்று.

"அண்ணே, இதெல்லாம் நீங்க பண்ணது" என்றான்.

"ஆமா. போகட்டும், வெளிநாட்டுக்கு அதாவது போகட்டும்" என்றேன்.

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். புதுச் சர்டிபிகேட் வந்ததும் இரண்டையும் சேர்த்து அனுப்புவதாகத் திட்டம்.

அடுத்த வாரம் ஆத்தாயி வந்தார். எழுபதை நெருங்கும் வயது, முட்டி வலி. வந்து நின்றாலே போதும், நான் வலி மாத்திரை ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன். ஆறு மாதமாக அப்படித்தான். அன்று ஜெரால்டு அட்டையின் மேல் கையை வைத்து மறித்துக்கொண்டு காகிதத்தை எடுத்தான்.

"பேரு சொல்லுங்கம்மா."

"இதென்ன சாமி, சாதகம் பாக்கப் போறீங்களா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"அது எம்பையன் சேலத்துப் பெரியாஸ்பத்திரியிலருந்து வாங்கியாருவான் சாமி. நெஞ்சுல என்னமோ அடைப்புன்னாங்க. ரத்தம் கட்டாம இருக்கறதுக்குன்னு சின்ன மாத்தரை ஒண்ணு."

ஜெரால்டு அட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். "வெளிக்கி எப்படிப் போவுது?"

ஆத்தாயி என்னைப் பார்த்தார், ஒரு ஆம்பளை கேட்கிற கேள்வியா என்று. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வாரமா கருப்பாப் போவுது. களி திங்கறதுனாலன்னு இருந்தேன். நடந்தாக் கண்ண இருட்டிக்கிட்டு வருது."

அவன் அதற்கு மேல் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டோ கூப்பிடச் சொன்னான். மகனுக்குப் போன் போட்டான். ஒரு சீட்டில் இரண்டு மாத்திரைகளின் பெயரையும் எழுதி, டாக்டரிடம் இதைக் காட்டுங்கள், உள்ளே ரத்தம் போகிறது என்று சொல்லுங்கள் என்று ஆட்டோக்காரரிடமே இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தான். அந்த இரண்டு மாத்திரையும் ஒரே வயிற்றில் சேரக்கூடாதாம். எந்தத் தயக்கமும் இல்லாமல் பேசினான், மனிதர்களிடம் பேசிப் பழக்கமில்லாதவன்.

ஆட்டோ போன பிறகு மேஜையில் அந்த அட்டை கிடந்தது. நான் எடுத்து வைத்தது. அன்று முழுக்க அவனிடம் நான் பேசவில்லை. கோபம்தான். யார் மேல் என்று கேட்டால் சொல்லமாட்டேன்.

ஆத்தாயிக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்தச் சேதி வந்த மறுநாள் ஜெரால்டு பையில் இருந்து கடிதத்தை எடுத்து வேலுமணி முன்னால் வைத்தான்.

"இது வேணாங்க. நான் நின்ன நாள மட்டும் போட்டு வேற எழுதிக் குடுங்க. நாலு மாசம் ஆகும்போது நாலு மாசம்னு."

வேலுமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பதினோரு வருசத்த எடுத்துத் தெருவுல வீசறீங்களாக்கும்? எதுக்குங்க?"

"அதுல எழுதியிருக்கற வேலையெல்லாம் நான் பண்ணதுன்னா, ஆத்தாயிக்கு ஆறு மாசம் அந்த மாத்திரையக் குடுத்ததும் நான்தானுங்களே."

நான் கத்தரிக்கோலை எடுத்து வெட்ட வேண்டாத அட்டை ஒன்றை வெட்டினேன்.

"நாலு மாசம்னு போட்டா மீதி வருசம் யாரு நின்னாங்கன்னு கேப்பாங்களே?"

"கேட்டா உண்மையச் சொல்லுங்க."

"உண்மையா?" வேலுமணி சிரித்தார். "இத மொதல்ல உங்க மாமனாரு காதுல போட்டீங்களா?"

மாமனாருக்குப் போடவில்லை. மனைவிக்குப் போட்டான், அங்கேயே, எங்கள் முன்னாலேயே. ஸ்பீக்கரில் ஜெஸ்ஸியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"பைத்தியமா உங்களுக்கு? நாலு மாசத்தக் காட்டுனா அவங்க நூறு கேள்வி கேப்பாங்க. பரீட்சைக்குக் கூப்பிடவே ஒரு வருசம் ஆகும். பதினொண்ணுன்னு போட்டு அனுப்பிச்சாத் தீந்துச்சு."

ஜெரால்டு ஆத்தாயி கதையைச் சொன்னான். மாத்திரைகளின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நர்ஸ் அல்லவா, மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

அவளே கேட்டாள்: "பொழச்சுக்கிட்டாங்களா?"

"ம்."

"பாப்பாவுக்கு இப்ப ஆறு வயசு. நீங்க ஏழுல வருவீங்களா, எட்டுல வருவீங்களா? அத மட்டும் அவகிட்ட நீங்களே சொல்லுங்க. எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மகளிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து ஆத்தாயி, மகனுடைய வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். ஜெரால்டைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சாமி, நீ அன்னைக்கு ஆட்டோ ஏத்தி உடலீனா நான் இன்னேரம் மண்ணுக்குள்ள. உங்காட்டு அவரைக்காய்னு நெனச்சுத் தின்னு."

நான் ஜெரால்டைப் பார்த்தேன். அவன் பில் மெஷினைப் பார்த்தான். என் பதினொரு வருடத்தை அவன் திருப்பிக் கொடுத்தான், அவனுடைய ஒரு நாளை ஆத்தாயி என்னிடம் தூக்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். செய்தது அவன் என்று அந்த அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தால் மற்றதையும் விளக்க வேண்டியிருக்குமே. அவர் போன பிறகு பையை அவன் பைக்கில் மாட்டினேன். அவனுக்கு அவரைக்காய்க்கு நார் எடுக்கக்கூடத் தெரியாது, அது வேறு விஷயம்.

புதுச் சர்டிபிகேட் வந்தது. வேலுமணி முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்த நாலு மாதக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினான். ஜெஸ்ஸி சொன்ன மாதிரியே கேள்வி மேல் கேள்வி. பதினொரு வருடம் என்ன செய்தாய் என்று கேட்டார்களாம். கோழிக்கு மருந்து விற்றேன், சர்டிபிகேட்டைக் கடைக்குக் கொடுத்திருந்தேன் என்று எழுதிவிட்டான். அத்தோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். ஒரு வருடம் இழுத்துவிட்டுப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். முதல் தடவை பேசுகிற பரீட்சையில் தோற்றான். நடிக்க வந்த பெண் அழுதாளாம். நான் கோபப்பட்டுக் காட்டியிருந்தேன், காது கேட்காமல் காட்டியிருந்தேன். அழுது காட்டவில்லை. அது என் தப்பு. இரண்டாவது தடவை தேறினான். அங்கே போய் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியின் கீழே ஆறு மாதம் வேலை பார்த்தான். அவள் "இதை மறுபடியும் சரிபார்" என்றால் இவன் மறுபடியும் சரிபார்ப்பானாம். முப்பத்தாறு வயதில். அங்கேயும் கோழி இருக்கிறதா என்று யாகப்பன் இன்னொரு தடவை கேட்கவில்லை. இப்போது அவரே விருந்துகளில் "எம் மருமவன் மருந்துக்காரன்" என்று நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்கிறாராம்.

போன மாதம் லைசென்ஸ் வந்தது. படம் அனுப்பியிருந்தான். சுவரில் பிரேம், பிரேமுக்குக் கீழே வெள்ளைக் கோட்டில் அவன், அவனைக் கட்டிக்கொண்டு எட்டு வயது மகள். போனில் சொன்னான்: "இங்க பேரு மாட்டியிருக்கற ஆளு கடையில இல்லைன்னா மருந்து குடுக்க மாட்டாங்கண்ணே. நான் சாப்பிடப் போனா எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப சீக்கிரமாச் சாப்புடுங்க" என்றேன்.

வேலுமணியிடம் படத்தைக் காட்டினேன். "நல்லாருக்கட்டும்" என்றார். பிறகு பெரிதாக்கிப் பார்த்தார். "பிரேம்ல கண்ணாடி போட்டிருக்காங்களா பாரு."

எங்கள் சுவரில் இப்போது மதுமதி இருக்கிறாள். திருச்செங்கோட்டுப் பெண்ணாம், எங்கேயோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். இன்னும் நேரில் பார்க்கவில்லை. முதல் காரியமாகக் கண்ணாடி போட வைத்துவிட்டேன். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைப் பிரேமின் மரத்தில் மட்டும் வைத்தேன்.

நேற்று முத்தாயம்மாள் வந்தார். சளி மாத்திரை ஒரு அட்டை கேட்டார். எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், என் கை தானாக அட்டையின் மேல் நின்றது.

"வேற என்ன மாத்தரை சாப்புடறீங்க?"

முத்தாயம்மாள் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நீயும் வெளிநாடு போறயா?"